யாழினியிடம் சொல்ல வேண்டியது

அன்புள்ள தேன்மொழிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உங்கள் மூவரின் நலமறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ "எப்படிம்மா ஒரே ராத்திரியில் குட்டையில் அத்தனை மீனும் செத்துப்போகும்?" என்று கேட்டாய். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, சரியாகப் பதில் சொல்லவில்லை. அப்புறம் யாழினி போனை வாங்கி, "ஆச்சி, நான் போட்ட பொரியாலயா?" என்று கேட்டாளே, அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. ஆறு வயதுப் பிள்ளை மனதில் அப்படி ஒரு எண்ணம் தங்கக் கூடாது. அவளுக்குச் சொல்வதற்கு முன்னால் எனக்கே விவரம் முழுதாகத் தெரியவேண்டும் என்று இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது.

தசரா லீவு முடிந்து நீங்கள் கிளம்பிய பிறகு ஒரு வாரம் நல்ல வெயில். ஐப்பசி பிறந்ததும் மூன்று நாள் ஒரே மூட்டம். சூரியனையே பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி பத்து மணிக்குப் பிடித்த மழை இரண்டு மணிக்குத்தான் விட்டது. காலை ஐந்தரைக்குக் கொல்லைக் கதவைத் திறந்தால் ஏதோ சப்புக்கொட்டுவது போலச் சத்தம். டார்ச் அடித்துப் பார்க்கிறேன், குட்டை முழுக்க வாய். கட்லாவும் ரோகுவும் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. என்னைப் பார்த்தால் விலகி ஓடுகிற மீன்கள், கையை நீட்டினாலும் நகரவில்லை. ஓரத்தில் ஏற்கெனவே வெள்ளை வெள்ளையாக வயிறு தெரிந்தது.

உன் அப்பாவை எழுப்பினேன். அவர் ஓடிப்போய் போர் மோட்டாரைப் போட்டு, பைப்பைக் குட்டைக்குள் இறக்கிவிட்டார். புதுத் தண்ணீர் வந்தால் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தோம். ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எண்ணினோம், செத்தது 137. ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குக் குறையாது. யாழினி பெயர் வைத்தாளே, வாலில் வெட்டு இருந்த அந்தப் பெரிய கட்லா, அதுவும் போய்விட்டது. தெருவில் இரண்டு பேர் குழம்புக்குக் கேட்டார்கள். எதனால் செத்தது என்று தெரியாமல் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தென்னை மரத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம்.

எனக்கு உடனே தோன்றியது மருந்துதான். வடக்கு வயல் பெரியப்பா அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் சம்பாவில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து அடித்திருந்தார். மழைத் தண்ணீர் அவர் வரப்பைத் தாண்டி நம் குட்டைக்கு வந்திருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன். எட்டு மணிக்கு அவர் வாசலில் போய் நின்று பேசக்கூடாத வார்த்தையெல்லாம் பேசினேன். முப்பது வருடப் பழக்கம், தேனு. அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. "மடையை அடைச்சுட்டுத்தாம்மா அடிச்சேன்" என்று மட்டும் சொன்னார். அதை நான் காதில் வாங்கவில்லை.

மறுநாள் உன் தோழி பானுவின் தங்கை வந்தாள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவள், இப்போது இங்கே ஒரு பண்ணையில் வேலை பார்க்கிறாள். அவள் குட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். முதலில் செத்தது பெரிதா, சிறிதா? எத்தனை மணிக்கு? தவளை செத்ததா? தண்ணீர் மேல் ஓடுகிற பூச்சி? விரால் இருந்ததே, அது என்ன ஆயிற்று?

யோசித்துப் பார்த்தால், தவளை ஒன்றுகூடச் சாகவில்லை. அன்றைக்கு ராத்திரிகூடக் கத்திக்கொண்டுதான் இருந்தது. பூச்சிகள் தண்ணீர் மேல் ஓடிக்கொண்டிருந்தன. படித்துறைக் கல்லுக்கு அடியில் இருக்குமே சின்ன இறால், அதுவும் உயிரோடு. ஓரத்தில் ஜிலேபி மீன் குஞ்சுகள் மேய்ந்தன. போன வருடம் வாய்க்கால் தண்ணீரோடு வந்து சேர்ந்த ஐந்து விராலும் பனையேறிக் கெண்டைகளும் ஒன்றும் ஆகாமல் இருந்தன.

"அப்போ மருந்து இல்லம்மா" என்றாள். பூச்சியைக் கொல்லத் தயாரித்த மருந்து மீனைக் கொல்லும் அளவுக்குக் கலந்திருந்தால் பூச்சியும் இறாலும்தான் முதலில் போயிருக்கும். மீனிலும் பெரும்பாலும் குஞ்சுதான் முந்தும். நோய் என்றால் இன்றைக்கு இரண்டு, நாளைக்கு ஐந்து என்று சாகும், உடம்பில் புண்ணோ சிவப்போ தெரியும். நம் குட்டையில் பெரிய மீன்கள் விடியும் நேரத்தில் ஒட்டுமொத்தமாகப் போயிருக்கின்றன. விராலும் பனையேறியும் மேலே வந்து காற்றையே நேராக மூச்சு வாங்கத் தெரிந்தவை, அதனால் தப்பித்தன. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜன்தான் கதி. மூச்சு முட்டித்தான் செத்திருக்கின்றன.

உன் அப்பா இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவள் ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் எடுத்து, மருந்துத் துளி விட்டு அளந்து காட்டினாள். அப்போது மாலை மூன்று மணி, வெயில் வந்திருந்தது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆக்சிஜன் என்று காட்டியது. மீனுக்கு 5 இருந்தால் போதுமாம். "இதோ இரண்டு மடங்கு இருக்கே" என்று அப்பா சொன்னார். நானும் மறுபடி வடக்குப் பக்கம் பார்த்தேன். அவள் கோபப்படாமல், "நாளைக்குக் காலையில் அஞ்சு மணிக்கு அளப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சொன்னபடி இருட்டோடு வந்து அளந்தாள். ஒன்றரைதான் இருந்தது.

பகலில் 10, விடியலில் ஒன்றரை. மீதி எங்கே போயிற்று என்று அவள் சொன்னதை, எனக்குப் புரிந்த மாதிரி உனக்குச் சொல்கிறேன். நம் குட்டைத் தண்ணீர் அரைத்த கொத்தமல்லிச் சட்னி மாதிரி பச்சையாக இருந்ததே, அந்தப் பச்சை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பாசி. அது வெயிலில் ஆக்சிஜனை விடும். இருட்டினால் அதுவும் மூச்சு வாங்கும், விட்டதைத் தானே எடுத்துக்கொள்ளும். பாசி, மீன், அடியில் அழுகுகிற சேறு எல்லாம் ராத்திரி முழுக்க ஒரே பானையிலிருந்து குடிக்கின்றன. சூரியன் வருகிற வரை பானையில் ஊற்ற ஆள் இல்லை. அதனால்தான் எப்போதும் விடியலுக்குச் சற்று முன்னால்தான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். நல்ல வெயில் நாட்களில் எப்படியோ ஈடு கட்டி வந்திருக்கிறது. மூன்று நாள் மூட்டத்தில் பகலிலும் பானை நிறையவில்லை. அப்புறம் அந்த மழை. குளிர்ந்த மழைத் தண்ணீர் கனத்துக் கீழே இறங்கியதும், அடியில் கிடந்த காற்றில்லாத சேற்றுத் தண்ணீர் மேலே வந்து கலந்துவிட்டது. தெளிந்து நின்ற மோரைக் கலக்கினால் அடியில் இருப்பது மேலே வருமே, அந்த மாதிரி.

நாங்கள் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்ததும் உதவவில்லை. பூமிக்கு அடியிலிருந்து வருகிற போர் தண்ணீரில் ஆக்சிஜன் அநேகமாக இருக்காதாம். பைப்பைத் தண்ணீருக்குள் விட்டது வீண். அதே பைப்பை மேலே தூக்கிக் கட்டி, தகரத்தில் விழுந்து சிதறி வரும்படி செய்திருந்தால் விழுகிற வழியிலேயே காற்றைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும். குட்டைத் தண்ணீரையே இறைத்துக் குட்டைக்குள் பீய்ச்சி அடித்திருந்தாலும் இன்னும் கொஞ்சம் பிழைத்திருக்கும். இதை நினைத்து உன் அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

சரி, அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? அதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி. அது என் கையிலிருந்து வந்தது, தேனு. குட்டை மூன்று சென்ட். எக்டேருக்கு 5,000-லிருந்து 10,000 குஞ்சு வரை விடுவது வழக்கமாம். அந்தக் கணக்கில் சென்ட்டுக்கு இருபதிலிருந்து நாற்பது, நம் குட்டைக்கு அதிகம் போனால் 120. நான் விட்டது 250. குஞ்சுக்காரர் மீதி இருப்பதைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றதும் வாங்கிவிட்டேன். சின்னதாக இருந்தபோது ஒன்றும் தெரியவில்லை. வளர வளர நெருக்கம். தீனியும் அப்படித்தான். இந்த அளவு மீனுக்கு உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு போதும், ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. நான் தவிடும் கடலைப் புண்ணாக்குமாக நாளைக்கு ஐந்து கிலோ போட்டேன். மிஞ்சிய சோறு தனி. வாரம் ஒரு கூடைப் பச்சைச் சாணம் தனி. நீங்கள் யாரும் வீட்டில் இல்லாத நாட்களில், அவை கூட்டமாக வந்து தின்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. இன்னும் ஒரு கை, இன்னும் ஒரு கை என்று போட்டேன். தின்றது போக மீதி அடியில் அழுகி, பாசிக்கு உரமாகியிருக்கிறது. அழுகலில் உண்டாகி மீனுக்கு நஞ்சாகிற அம்மோனியாவும் கூடியிருந்தது, அதையும் அளந்து காட்டினாள்.

பெங்களூரில் உங்கள் வீட்டுப் பக்கத்து அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கில் மீன் செத்து மிதந்தபோது, எனக்குப் படம் அனுப்பியிருந்தாய். அங்கே சாக்கடை கலந்து ஆக்சிஜன் குறைந்தது என்று அப்போது சொன்னாய். அதைப் பார்த்து ஊரைத் திட்டியவள் நான். இங்கே சாக்கடை இல்லை, ஆனால் சோறும் சாணமும் அதே வேலையைத்தான் செய்திருக்கின்றன.

அன்று சாயங்காலமே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். தவறு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் "உட்காரும்மா" என்று சொல்லி, பெரியம்மாவைக் காபி போடச் சொன்னார். மறுநாள் அவரே மூங்கில் கொண்டுவந்து, பைப்பை உயரத்தில் கட்டிக் கொடுத்தார்.

இப்போது தீனியை அடியோடு நிறுத்தியிருக்கிறோம். சாணமும் இல்லை. நாலு நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் தண்ணீரை இறைத்துத் தென்னைக்கு விட்டு, மேலிருந்து சிதறி விழும்படி புதுத் தண்ணீர் விடுகிறோம். மூட்டமாக இருந்தால் அப்பா அலாரம் வைத்து மூன்று மணிக்கு எழுந்து மோட்டார் போடுகிறார். பானுவின் தங்கை ஒரு சுலபமான வழி சொல்லிக்கொடுத்தாள். கையைத் தண்ணீருக்குள் நேராக விட வேண்டும். முழங்கை நனைவதற்கு முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் பச்சை அதிகம் என்று அர்த்தம். முதல் நாள் மணிக்கட்டு தாண்டியதுமே என் கை மறைந்துவிட்டது. நேற்று முழங்கை வரை விட்டும் விரல் மங்கலாகத் தெரிந்தது.

இனி யாழினிக்கு. மீன் சாமியிடம் போய்விட்டது, அவ்வளவுதான் என்று சொல்லிவிடாதே. அவள் கேட்டது காரணம். குட்டையில் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது, அவள் பத்து நாளும் போட்டது ஒரு படிப் பொரிகூட வராது, அதுவும் மேலேயே மிதந்து, மீன் ஒன்று விடாமல் தின்றுவிட்டது, அவள் பொரியில் எந்தத் தப்பும் இல்லை என்று சொல். ஆச்சிதான் அதிகமாகப் போட்டுவிட்டாள், மீனுக்கு ராத்திரியில் மூச்சு விடக் காற்றுப் போதவில்லை என்று உள்ளதைச் சொல். ஆச்சி மேல் கோபம் வந்தால் வரட்டும், நானே அவளிடம் பேசிக்கொள்கிறேன். வெட்டுவால் கட்லாவைத் தென்னைக்குப் பக்கத்தில் புதைத்திருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடு. வந்ததும் முதலில் அதைத்தான் தேடுவாள்.

பிழைத்தவற்றில் பெரியது எழுபது, எண்பது இருக்கும். புதிதாகக் குஞ்சு இப்போதைக்கு விடப்போவதில்லை. பொங்கலுக்கு வரும்போது யாழினியை ஒரு நாள் விடிகாலை ஐந்து மணிக்கு எழுப்பிக் குட்டைக்குக் கூட்டிப்போகிறேன். அந்த நேரத்தில் மேலே ஒரு வாயும் தெரியாமல் இருக்க வேண்டும், அதை அவளே எண்ணிப் பார்க்கட்டும். மார்கழிப் பனி இங்கே விட்டிருக்காது. அவளுக்குக் காது மூடுகிற குல்லா ஒன்று மறக்காமல் எடுத்து வை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா