திடலைத் திறந்து விளக்கைப் போட்டுக் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்

பெறுநர்: மாவட்ட மன்றத் தலைவர் அவர்கள்
அனுப்புநர்: தோட்டக் குடியிருப்பு, வீடமைப்புப் பகுதி, புதுக்கிராம மக்கள், ஜொகூர்
பொருள்: செப்டம்பர் 26, 27 வார இறுதிக்குத் திடலும் மண்டபமும் கேட்டு
நாள்: 15 ஜூன் 2026

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். வரும் செப்டம்பர் 26, சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து மறுநாள் ஞாயிறு மாலை 6 மணி வரை பழைய தோட்டத்துத் திடலும் அதை ஒட்டிய பல்நோக்கு மண்டபமும் எங்களுக்கு வேண்டும். சனிக்கிழமை இரவு 11 மணி வரை திடலின் கம்ப விளக்குகள் எரிய வேண்டும், கழிப்பறை திறந்திருக்க வேண்டும். மேடை கேட்கவில்லை, கூடாரம் கேட்கவில்லை, மாலை போட்டு வரவேற்க ஆளும் கேட்கவில்லை. பரிசுக் கிண்ணம்கூட நாங்களே வாங்கிக்கொள்வோம்.

இதே மனுவை மலாயிலும் எழுதி இணைத்திருக்கிறோம். தமிழிலும் எழுதியதற்குக் காரணம், கையெழுத்துப் போடுகிற பாட்டிமார் என்னத்துக்குப் போடுகிறோம் என்று படித்துவிட்டுப் போட வேண்டும் என்றார்கள். நியாயம்தானே.

இந்த வார இறுதியைத் தேடிப் பிடித்ததற்குக் கதை இருக்கிறது. ஜொகூரில் 2014 ஜனவரியில் தொடங்கி 2024 முடிகிற வரை வார விடுமுறை வெள்ளியும் சனியும். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற அப்பாவுக்கு ஞாயிறு ஓய்வு, பிள்ளைக்கோ ஞாயிறு பள்ளிக்கூடம். பதினோரு ஆண்டுகள் பல வீடுகளில் அப்பனும் பிள்ளையும் சேர்ந்து ஒரு முழு ஞாயிறு பந்து உதைத்ததில்லை. 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு என்று திரும்ப மாறியதும் முதலில் நிரம்பியது இந்தத் திடல்தான், அதாவது பகலில். இருட்டிய பிறகு என்ன ஆகிறது என்பதைக் கீழே சொல்கிறோம்.

அப்புறம், நாட்காட்டியைப் பாருங்கள். செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை சீனர்களின் நிலாப் பண்டிகை. 26 புரட்டாசியின் இரண்டாம் சனி, அன்றிரவே பௌர்ணமி. நிலாப் பண்டிகைக்குச் சீனத்தில் 'நடு இலையுதிர் கால விழா' என்றுதான் பொருளாம், சீனர்கள் அதிகம் வாழும் புதுக்கிராமத்துக் கடைக்காரர் சொன்னார். இங்கே எங்கே இலையுதிர் காலம்? ரப்பர் மரம் இலை கொட்டுவது பிப்ரவரி, மார்ச்சில். ஆகஸ்ட், செப்டம்பரில் கொட்டுவது ரப்பர் கொட்டை. உச்சி வெயிலில் 'டப்' என்று காய் வெடித்து, கொட்டை ஓட்டுக்கூரையில் விழுந்து உருளும். அதை எடுத்துச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் சூடு வைக்காத தோட்டத்துப் பிள்ளை உண்டா? நீங்களும் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர் என்று கேள்விப்பட்டோம், உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. இப்போது சுற்றிலும் செம்பனைதான், ரப்பர் மரம் என்று மிச்சம் இருப்பது ஆற்றோரத்துச் சிறு தோட்டக்காரர்களின் சில நிரைகள். அங்கே போய் இரண்டு சாக்குக் கொட்டை பொறுக்கி வந்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஓங்கி அடித்து எது உடைகிறது என்று பார்க்கும் பழைய ஆட்டத்தை ஞாயிறு காலை போட்டியாக வைக்கப்போகிறோம். பிள்ளைகள் கைப்பேசியைக் கீழே வைப்பார்களா என்று தெரியாது, அப்பாக்கள் வைப்பார்கள்.

சனிக்கிழமை காலை கோத்தோங் ரோயோங், ஊர் கூடிச் சுத்தம் செய்வது. திடலோரக் கால்வாயில் தேங்கிய நீர், போத்தல், பழைய டயர் எல்லாம் எடுப்போம். ஏடிஸ் கொசுவுக்குப் பயந்து எப்படியும் செய்ய வேண்டிய வேலை. பத்து மணிக்கு மண்டபத்தில் பெருமாள் படம் வைத்துச் சின்னப் பூசை. சிறுவர்கள் நாமம் போட்டுக்கொண்டு சொம்போடு வீடு வீடாகக் 'கோவிந்தா' சொல்லி அரிசி வாங்கி வருவார்கள், அந்த அரிசியில் மதியச் சாப்பாடு. புரட்டாசிச் சனி என்பதால் அன்று முழுக்கத் திடலில் சைவம்தான். இறைச்சியைக் குச்சியில் குத்திச் சுடும் சாத்தே கடை போடுகிற அண்ணனிடம் பேசிவிட்டோம், அவர் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார், ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. தேங்காய்ப்பால் சோறும் சம்பலும் விற்கிற நாசி லெமாக் அக்கா நெத்திலி இல்லாத சம்பல் செய்கிறேன் என்றிருக்கிறார். அது நாசி லெமாக்தானா என்று எங்களுக்குள் ஒரு சண்டை நடந்தது, அதை இந்த மனுவில் எழுத வேண்டாம் என்றார்கள். எழுதிவிட்டேன்.

இரவு 8 மணிக்குத் தங்லோங் எனும் விளக்கு ஊர்வலம். புதுக்கிராமத்துப் பிள்ளைகள் தாள் விளக்குகளோடு வருவார்கள், எங்கள் பிள்ளைகள் பால் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு உள்ளே மெழுகுவத்தி வைத்த விளக்குகளோடு, மலாய்க் கம்போங்கிலிருந்து மூங்கில் பெலித்தா எண்ணெய் விளக்கோடு சிலர். கோயிலடியிலிருந்து சூராவ் என்ற சிறு தொழுகைக் கூடத்தின் வழியாகத் திடல் வரை, மெதுவாக நடந்தால் அரை மணி நேரம். அந்தச் சின்ன ரோட்டை 8 மணியிலிருந்து 9.30 வரை மட்டும் அடைக்க அனுமதி வேண்டும். ஏழு மணிவாக்கில் மக்ரிப் தொழுகை, எட்டு மணி தாண்டி இஷா தொழுகை. இரண்டு நேரமும் மைக்கை அணைத்துவிடுவோம், ஊர்வலமும் இஷா முடிந்த பிறகுதான் சூராவைக் கடக்கும். சூராவ் பொறுப்பாளரிடம் பேசியாயிற்று, அவருடைய பேரன்தான் முதல் வரிசையில் விளக்குப் பிடிக்கிறான். ஊர்வலம் முடிந்ததும் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம். தோட்டத்து ஆபீஸ் படம் போட்ட காலத்தில் துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து எழுத்தை இடவலம் மாறிப் பார்த்த கூட்டம் இன்னும் இருக்கிறது. அவர்கள் இந்த முறையும் பின்பக்கம்தான் உட்காருவோம் என்கிறார்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்துக் காட்டுவது. ஓய்வு பெற்ற அம்மாக்கள் மூன்று பேர் ஆற்றோரத்து மரங்களில் சீவுவார்கள், பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கலாம். சீவுவது விடியற்காலையில் நடக்க வேண்டிய வேலை, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஏழு மணியே பிந்திய நேரம் என்று ஒரு அம்மா கோபப்படுகிறார். அந்தக் காலத்தில் ஐந்தரைக்கே பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, நின்றவர், ஏழு மணியை அவர் மதியம் என்றுதான் கணக்கு வைத்திருக்கிறார். போன வாரம் பழைய உளியைத் தேடி எடுத்து அவர் தீட்டியதைப் பார்த்தேன். கல்லில் இழுத்து, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பதம் பார்த்து, திரும்ப இழுத்து. பக்கத்தில் பால் பிடிக்கும் மங்கு ஒன்று, உள்ளே காய்ந்த ஒட்டுப்பால் இன்னும் ஒட்டியிருக்கிறது.

அதன் பிறகு சாக்கு ஓட்டம், உறியடி, கபடி, கடைசியில் நாற்பது வயதுக்கு மேற்பட்டோருக்கும் இளைஞர்களுக்கும் கால்பந்து. எங்கள் கோல் கீப்பர் பெரியப்பா, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும் போகாமல் இருந்த நம் நாட்டுக் கால்பந்து அணியின் கோல் கீப்பர் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தைத் திடலில் நேரில் பார்த்தவர், அதனால் தானும் ஒரு ஆறுமுகம் என்று நினைப்பு. பாய்வார், பந்து ஒரு பக்கம் போகும்.

சரி, போன வருடம் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். குறை சொல்வதற்காக இல்லை, திரும்ப நடக்கக் கூடாது என்பதற்காக. திடலுக்கு அனுமதிக் கடிதம் கையில் இருந்தது. விளக்குக்கு வேறு கவுண்டர் என்றார்கள், போனோம். அங்கே, மின்பெட்டிச் சாவி குத்தகைக்காரரிடம் என்றார்கள். குத்தகைக்காரர் போனை எடுக்கவில்லை. மூன்று நாள் அரை நாள் விடுப்பு எடுத்து நானே அலைந்தேன். இங்கே செப்டம்பரில் ஏழு மணி என்றால் இருட்டு. அன்று பிற்பகல் இடியும் மழையுமாக இரண்டு மணி நேரம் போய்விட, இறுதியாட்டம் ஆறரைக்குத்தான் தொடங்கியது. ஏழேகாலுக்குப் பந்து தெரியவில்லை. யாரோ ஒருவர் தன் இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளைத் திடலோரம் கொண்டுவந்து விளக்கைப் போட்டார், அடுத்து இன்னொருவர், கடைசியில் பதினொரு மோட்டார் சைக்கிள். எல்லாவற்றையும் உறுமவிட்டுக்கொண்டே ஆட்டத்தை முடித்தோம். ஈசலும் புகையும் சேர்ந்து வெளிச்சத்தில் சுற்ற, கோல் கீப்பருக்குக் கண் கூசி வெற்றி கோல் எது வழியாகப் போனது என்று இன்றுவரை தெரியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இப்போது நாங்களும் சிரிக்கிறோம். ஆனால் பெண்கள் கழிப்பறையும் அன்று பூட்டிக் கிடந்தது. எழுபது வயது அம்மாக்களைக் கைப்பேசி வெளிச்சத்தில் அரைக் கிலோமீட்டர் நடத்தி ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள் எங்கள் பெண்கள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அதனால்தான் ஒரே கவுண்டர், ஒரே படிவம் என்று கேட்கிறோம். திடல், மண்டபம், விளக்கு, கழிப்பறை, ரோடு அடைப்பு, பத்து அங்காடிக் கடைகளுக்கான தற்காலிக லைசன்ஸ் எல்லாவற்றுக்கும் பொறுப்பாக மன்றத்தில் ஓர் அலுவலர், அவருடைய தொலைபேசி எண். சாவிகள் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் எங்கள் கைக்கு வர வேண்டும், திங்கள் காலை 9 மணிக்குத் திருப்பித் தருவோம். குப்பைத் தொட்டி ஆறு, திங்கள் காலை குப்பை லாரி ஒரு நடை.

வாடகையைத் தள்ளுபடி செய்ய முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் வைப்புத்தொகையையாவது குறையுங்கள். மின்சாரக் கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம், வீட்டுக்குப் பத்து ரிங்கிட் என்று பேசி முடிவெடுத்திருக்கிறோம். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கியவர்கள் எங்கள் தாத்தா பாட்டிகள். பத்து என்றதும் இந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பீர்கள். விளையாட்டெல்லாம் பகல் 2 மணிக்குள் முடிகிற மாதிரிதான் அட்டவணை போட்டிருக்கிறோம், மாலை இடி மழை வந்தால் மண்டபத்துக்குள் பல்லாங்குழி, அதன் மலாய் வடிவமான சோங்காக், கேரம். புகைமூட்டம் வந்து காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளி விளையாட்டை நாங்களே நிறுத்திவிடுவோம், நீங்கள் ஆள் அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் தயவு செய்து நவம்பருக்குத் தள்ளிவைக்கச் சொல்லாதீர்கள். 8-ஆம் தேதி தீபாவளி, அதன் பிறகு வடகிழக்குப் பருவமழை, அப்போது இந்தத் திடல் எப்படி இருக்கும் என்று உங்கள் பொறியியல் பிரிவுக்கே தெரியும், வாத்து மேயும்.

இன்னொன்று, கொஞ்சம் கூச்சமாகத்தான் கேட்கிறோம். நீங்கள் குடும்பத்தோடு வர வேண்டும், ஆனால் திறப்பு விழாவுக்கு இல்லை. திறப்பு விழா என்றால் பிள்ளைகளை ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க வைக்க வேண்டியிருக்கும், நாற்காலிக்கு வெள்ளைத் துணி போர்த்த வேண்டியிருக்கும். சனிக்கிழமை இரவு எட்டரைக்குச் சும்மா வாருங்கள். ஒரு டின் விளக்கு உங்களுக்கென்று எடுத்துவைக்கிறோம்.

ஜூலை 31-க்குள் பதில் கிடைத்தால் கடைக்காரர்களுக்கும் பக்கத்துத் தோட்டத்து அணிகளுக்கும் சொல்லிவிடலாம். கடிதம் அனுப்பத் தாமதமாகும் என்றால் எங்கள் பகுதி மாவட்ட மன்ற உறுப்பினரிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினாலும் போதும், அவர் காலையில் தே தாரிக் டீக்குக் கோயில் பக்கத்துக் கடைக்குத்தான் வருவார். கையெழுத்துத் தாள்களும் திடலின் வரைபடமும் இணைப்பில் உள்ளன. வரைபடத்தில் மின்பெட்டி இருக்கும் இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
திடல் விளையாட்டுக் குழுவினரும் குடியிருப்பாளர்களும்