துளையை அளந்து போல்ட் வாங்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு பக்கத்தில் வீட்டுப் பழுதுகளை நாமே பார்த்துக்கொள்வது பற்றி வரும் குறிப்புகளை விடாமல் படிப்பவள் நான். மூன்று வாரங்களுக்கு முன் வந்த குறிப்பில், மரை (திருகின் சுற்றுப் பல்) போட்ட துளைக்கு போல்ட் வாங்கப் போகுமுன் துளையின் விட்டத்தை அளந்துகொண்டு, அதே அளவுள்ள போல்ட்டைக் கடையில் கேளுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரி தவறானது. அதை நம்பியதால் எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் நாலு நாள் கடலுக்குப் போக முடியாமல் நின்றது. அதற்குத் திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

காசிமேட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மாமனார் ஆரம்பித்தது. அவருக்குப் பிறகு என் கணவர் பார்த்தார். அவர் போன பிறகு, பதினாலு வருஷமாகக் கல்லாவிலும் கவுன்ட்டரிலும் நான்தான். கடையின் இடது பக்கச் சுவர் முழுக்க இஞ்ச் போல்ட், வலது பக்கச் சுவர் முழுக்க மில்லிமீட்டர் போல்ட். உப்புக்காற்றுக்கு சாதா இரும்பு தாங்காது என்பதால் நடுவில் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டுகள்.

அந்தக் குறிப்பு வந்த மறுநாள் திங்கட்கிழமை, கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு தம்பி வந்தான். சின்னப் பிள்ளையிலிருந்து எனக்குத் தெரிந்தவன், அப்பாவோடு ஃபைபர் படகில் போகிறவன்.

"அக்கா, ஏழு எம்எம் போல்ட் ஒண்ணு குடுக்கா."

"ஏழா? ஏழுன்னு யாருப்பா சொன்னா?"

"வெர்னியர் வெச்சு அளந்தேன்கா. ஓட்டை ஆறு புள்ளி ஏழு காட்டுது. பேப்பர்ல அப்டித்தான் அளக்கச் சொல்லிப் போட்டிருந்தாங்க."

ஏழு எம்எம் போல்ட் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கத்துக் கடைகளில் யாரும் வைப்பதில்லை. கழட்டின பழைய போல்ட்டைக் கொண்டு வா, இல்லையென்றால் அந்தத் துளை உள்ள பாகத்தையே கொண்டு வா என்றேன். பழையது கடலில் விழுந்துவிட்டதாம். அவசரத்தில் இருந்தான், போய்விட்டான். வேறு ஒரு கடையில் பார்வைக்குச் சரியாகத் தெரிந்த ஒரு ரெண்டரை நூல் போல்ட்டை (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். கையால் ரெண்டு மூணு சுற்று ஏறியிருக்கிறது, பிறகு இறுகியிருக்கிறது. துருதான் பிடிக்கிறது என்று நினைத்து, ரிங் ஸ்பேனரில் பைப்பைச் செருகித் திருப்பியிருக்கிறான். எஞ்சின் தண்ணீர் பம்பின் உடம்பு அலுமினியம். உள்ளே இருந்த மரை சுருள் சுருளாகக் கையோடு வந்துவிட்டது. சாயங்காலம் அந்தச் சுருளைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்து நின்றான்.

அந்தத் துளைக்கு வேண்டியது எம்8, அதாவது எட்டு எம்எம் போல்ட். என் கைக்கெட்டிய தூரத்தில் டப்பா நிறைய இருந்தது. காலையிலேயே அவனை உட்கார வைத்து ரெண்டு நிமிடம் பேசாமல் விட்டோமே என்று இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. பிறகு லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, பாரிமுனையிலிருந்து ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருளை வாங்கி வந்து உள்ளே புது மரையாக ஏற்றிக் கொடுத்தார்கள். வேலை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாலு நாள் போனது போனதுதான்.

அவன் அளந்தது சரி. அளந்ததை வைத்து என்ன கேட்க வேண்டும் என்று அவனுக்குச் சொன்னதுதான் தவறு. துளைக்குள் வெர்னியரின் மேல் வாயை விட்டால், அது மரையின் மேட்டில் முட்டி நிற்கும். போல்ட்டின் மேடோ, துளையின் பள்ளத்துக்குள் போய் உட்காரும். ஆகவே போல்ட் எப்போதும் துளையில் அளந்ததைவிடப் பெரியதாகத்தான் இருக்கும். எவ்வளவு பெரியது என்றால், ஏறக்குறைய ஒரு பிட்ச். ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளிதான் பிட்ச். எம்8 போல்ட்டின் பிட்ச் 1.25 மில்லிமீட்டர். துளையில் 6.7, 6.8 என்று வந்தால் அதோடு 1.25-ஐக் கூட்டுங்கள், எட்டு வந்துவிடும். லேத்காரர்கள் டேப் போட்டு மரை வெட்டுவதற்கு முன் எம்6-க்கு 5, எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5, எம்12-க்கு 10.2 என்று டிரில் போடுவதும் இதே கணக்கில்தான்.

இதோடு முடிந்தால் நல்லது, முடியாது. வட சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, என் கடையின் இரண்டு சுவர்களும் அதனால்தான். துறைமுகமும் ரயில்வே பட்டறைகளும் வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்த இடம் இது. பழைய மெஷின்களில் இஞ்ச் மரைதான். 1841-இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பவர் வகுத்த மரை அது, பல்லின் கோணம் 55 டிகிரி. மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி. நம் நாட்டில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-இல் வந்தது. சட்டம் வந்ததற்காகப் பழைய லேத்தையும் பம்பையும் யாரும் தூக்கி எறிந்துவிடவில்லை. திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டைக் கழட்டிப் பாருங்கள், இஞ்சுக்கு 26 மரை உள்ள சைக்கிள் திரெட் கூட இருக்கும். எட்டு நூல் ஒரு இஞ்ச் என்று இன்றைக்கும் நூல் கணக்கில் கேட்பவர்கள் என் கடைக்குத் தினமும் வருகிறார்கள். ரெண்டு நூல் என்றால் கால் இஞ்ச், மூணு நூல் என்றால் எட்டில் மூன்று.

ரெண்டரை நூல் என்பது 7.94 மில்லிமீட்டர். எம்8-க்கும் அதற்கும் கண்ணால் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் அதில் இஞ்சுக்கு 18 மரை, அதாவது பிட்ச் 1.41. முதல் சுற்றில் இரண்டும் ஒத்துப்போகிற மாதிரி இருக்கும். சுற்றுக்குச் சுற்று விலகல் சேர்ந்துகொண்டே போய், மூணாவது சுற்றில் பல்லோடு பல் மோதும். அரை இஞ்சும் எம்12-உம் இன்னும் மோசம். அரை இஞ்ச் என்பது 12.7, ஆனால் அதன் மரை ஆழமானது. அதனால் இரண்டு துளைகளின் உள்ளளவும் பத்தேகால், பத்தரை என்று பக்கத்தில் பக்கத்தில் வரும். எம்12 போல்ட்டைக் கொண்டுபோய் அரை இஞ்ச் துளையில் போட்டால் முதல் ஒன்றிரண்டு சுற்று லொடலொடவென்று ஏறும். பிடித்துவிட்டது என்று நம்பிப் போய்விடுவோம். இறுகி நிற்கிற தப்பைவிட இப்படி ஏறிக்கொள்கிற தப்புக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

அப்படியானால் வீட்டில் இருப்பவர் என்ன செய்வது? முதலில் துளையைச் சுத்தம் செய்யுங்கள். பெயின்ட், துரு, காய்ந்த கிரீஸ் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் தொட்ட பழைய டூத் பிரஷால் எடுங்கள். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு துளையில் போல்ட் இருந்தால் அதைக் கழட்டிக் கடைக்கு எடுத்து வாருங்கள். எஞ்சின் கவரானாலும் தையல் மெஷினானாலும் பெரும்பாலும் அப்படி ஒன்று இருக்கும். கடையில் புது போல்ட்டின் மரையையும் பழைய போல்ட்டின் மரையையும் பக்கவாட்டில் பொருத்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்போம். பல்லுக்குள் பல் உட்கார்ந்து இடையில் வெளிச்சம் தெரியாவிட்டால் அதுதான்.

ஒன்றும் கிடைக்காவிட்டால் ஐஸ் குச்சி போதும். அதை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து துளைக்குள் விட்டு, மரையின் மேல் பக்கவாட்டில் அழுத்துங்கள். அழுத்தத்தைத் தளர்த்திவிட்டு நேராக வெளியே எடுங்கள், மரையில் உரசியபடி இழுத்தால் தடம் கலைந்துவிடும். பதிந்த கோட்டின் மேல் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் பளிச்சென்று தெரியும். ஸ்கேலை வைத்து ஒரு சென்டிமீட்டருக்குள் கோடுகளுக்கு நடுவே எத்தனை இடைவெளி என்று எண்ணுங்கள். எட்டு இடைவெளி என்றால் எம்8, ஏழு என்றால் ரெண்டரை நூல். பட்டறையில் பிட்ச் கேஜ் இருக்கும், ஆனால் அதன் இலை சின்னத் துளைக்குள் நுழையாது. நான் குச்சியைத்தான் நம்புகிறேன். என் கணவர் சொல்லிக் கொடுத்தது இது. அவர் ஊதுபத்திக் குச்சியில் செய்வார்.

போல்ட் கையில் வந்த பிறகும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். விரலால் மட்டும் நாலைந்து சுற்று ஏற வேண்டும். மூணாவது சுற்றில் விரல் நின்றால் துருவா, தப்பான மரையா என்று கழட்டிப் பாருங்கள். எஸ்எஸ் போல்ட் என்றால் இன்னும் ஜாக்கிரதை. பலவந்தமாகத் திருப்பினால் எஸ்எஸ் மேல் எஸ்எஸ் கடித்துக்கொள்ளும், பிறகு முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

நீளத்தையும் யாரும் யோசிப்பதில்லை. துளைக்குள் ஒரு ஈர்க்குச்சியை விட்டு, வாயருகே நகத்தால் கிள்ளி அடையாளம் வைத்து ஆழத்தை அளந்து வாருங்கள். போல்ட் நீளமாக இருந்தால் அடியில் முட்டி இறுகும், கவர் இறுகாது. ரொம்பக் குட்டையாக இருந்தால் நாலு மரைதான் பிடிக்கும். அலுமினியத்தில் எம்8 என்றால் 16 மில்லிமீட்டராவது உள்ளே போக வேண்டும், இரும்பில் அதில் பாதி போதும்.

கவுன்ட்டரில் நான் தினமும் கேட்கிற இன்னும் இரண்டு தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். "பதிமூணு போல்ட் குடுங்க" என்பார்கள். பதிமூணு என்பது ஸ்பேனரின் அளவு, போல்ட் எம்8. ரெண்டரை நூல் போல்ட்டின் தலையிலும் பதிமூணு ஸ்பேனர் ஏறக்குறைய உட்காரும் என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் எடுத்துக் கொடுக்க முடியாது. தலையில் 8.8 என்று பொறித்திருப்பதைப் பார்த்து எட்டே முக்கால் எம்எம் என்று கேட்பவர்களும் உண்டு. அது அந்த போல்ட் தாங்கும் பலத்துக்கான எண். அந்தப் போல்ட் ஆறு எம்எம்மாகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம்.

அந்தத் தம்பி வந்துபோன பிறகு கடையில் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். ஒரு கம்பி வளையத்தில், எம்5 முதல் எம்12 வரையும் ரெண்டு நூல் முதல் நாலு நூல் வரையும் அளவுக்கு ஒரு போல்ட் வீதம் தலையில் துளையிட்டு, அளவைப் பெயின்டால் எழுதி, சாவிக்கொத்து மாதிரி கோத்திருக்கிறேன். படகை, மெஷினைத் தூக்கி வர முடியாதவர்கள் அந்தக் கொத்தை எடுத்துப் போய் விரலால் போட்டுப் பார்த்துவிட்டு வந்து கேட்கலாம். காசு வேண்டாம், திருப்பிக் கொடுத்தால் போதும். மற்ற ஹார்டுவேர் கடைக்காரர்களும் இப்படி ஒரு கொத்து வைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கொத்துக்கு ஆகிற செலவு ஒரு ஹெலிகாயில் வேலைக்குக் கூட வராது.

திருத்தத்தை ஏப்ரல் 15-க்கு முன் வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும். அன்றிலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும் அந்த 61 நாளில்தான் எஞ்சினைப் பிரிப்பார்கள், போல்ட் கேட்டு ஆட்கள் வருவார்கள். அவர்களில் நிறைய பேர் தங்கள் பத்திரிகையை டீக்கடையில் படிக்கிறவர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
காசிமேடு, சென்னை