கெடு முடிந்தது, அக்ரிமெண்ட் முடியவில்லை

அன்புள்ள கண்ணு தமிழரசிக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ போனில் கேட்டது அவசரத்தில் பதில் சொல்கிற காரியம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

கிரயக் கெடு தாண்டிவிட்டது, நம் நிலத்தை வாங்க அக்ரிமெண்ட் போட்டவர் பாக்கிப் பணத்தோடு வரவில்லை, ஆகவே கூடுதல் விலை கேட்கிறவருக்கே நாற்பது சென்டையும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறாய். பழைய அக்ரிமெண்ட்டை முறைப்படி முடிக்காமல் அந்தப் பேச்சையே எடுக்காதே, கண்ணு. நில விஷயத்தில் கெடு தேதி தாண்டியதுமே ஒப்பந்தம் தானாகச் செத்துவிட்டதாகக் கோர்ட் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. கெடுவிலிருந்து மூன்று வருஷம் வரை, கிரயம் செய்து கொடு என்று அவர் வழக்குப் போடலாம். நம் அக்ரிமெண்ட் பதிவானது. வில்லங்கம் போட்டால் முதலில் அதுதான் வரும். தெரியாமல் வாங்கினேன் என்று புதிதாக வாங்குகிறவர் சொல்ல முடியாது. வழக்கில் அவரும் சேர்ந்து மாட்டுவார்.

அதனால் முதல் வேலை வக்கீல் நோட்டீஸ். மூலப்பத்திரம், பட்டா எல்லாம் தயார், இன்ன தேதிக்குள் பாக்கியைக் கொண்டுவந்து கிரயம் முடித்துக்கொள்ளுங்கள், தவறினால் அக்ரிமெண்ட் ரத்து என்று நியாயமான அவகாசம் கொடுத்து எழுத வேண்டும். அந்தத் தேதியும் போனால், ரத்து செய்துவிட்டோம் என்று இன்னொரு நோட்டீஸ். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. விற்கிறவர் ரத்து செய்த பிறகு, அந்த ரத்து செல்லாது என்று பரிகாரம் கேட்காமல் கிரயம் மட்டும் கேட்டு வழக்குப் போட்டால் நிலைக்காது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அட்வான்ஸ் விஷயத்தில்தான் நீ நிதானிக்க வேண்டும். ஐந்து லட்சமும் நமக்கே என்கிறாய். அக்ரிமெண்ட்டை எடுத்துப் பார். கையெழுத்தான அன்று வாங்கிய இரண்டு லட்சத்துக்குத்தான் 'கெடுவுக்குள் முடிக்காவிட்டால் இழக்க வேண்டியது' என்ற வரி இருக்கிறது. ஆடியில் வந்த மூன்று லட்சத்தைப் பின்பக்கத்தில் 'கிரயத் தொகையில் ஒரு பகுதி' என்று நானே வரவு எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒன்றல்ல. 1963-ல் பதே சந்த் வழக்கில் விற்றவர் ஆயிரம் ரூபாய் முன்பணத்தையும், கிரயத்தில் வரவான இருபத்து நாலாயிரத்தையும் சேர்த்துப் பறிமுதல் செய்யப் பார்த்தார். ஆயிரம் மட்டும்தான் உனக்கு என்றது உச்ச நீதிமன்றம். எழுபது லட்சக் கிரயத்தில் ஏழு லட்சம் முன்பணம் பறிமுதலானதை 2012-ல் அதே கோர்ட் ஒப்புக்கொண்டது; அது பேரத்துக்கு உறுதியாகக் கொடுத்த பணம், ஒப்பந்தத்திலும் தெளிவாக எழுதியிருந்தது.

நஷ்டஈடும் கேட்கலாம் என்று யாரோ உன்னிடம் சொன்னார்களாம். விலை இறங்கியிருந்தால் அந்த வித்தியாசத்தைக் கேட்கலாம். நமக்கு விலை ஏறியல்லவா இருக்கிறது, எந்த நஷ்டத்தைக் காட்டுவது? அவரையே வாங்க வைக்க நாமும் வழக்குப் போட முடியும். ஆனால் கோர்ட் கட்டணத்தைக் கிரயத் தொகையை வைத்துக் கணக்கிடுவார்கள், வருஷங்களும் ஓடும். எனக்கு அதில் விருப்பமில்லை.

என் யோசனை இது. இரண்டு லட்சத்தை வைத்துக்கொள்வோம். மூன்று லட்சத்துக்கு டிடி எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் ஆபீசுக்கு அவரையும் கூப்பிடுவோம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ரத்துப் பத்திரம் பதிவான பிறகு டிடியை அவர் கையில் கொடுப்பேன். அது வில்லங்கத்தில் ஏறிவிட்டால் புது பார்ட்டியின் வக்கீலுக்கும் கேள்வி இருக்காது. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் அது என்று அவர் சம்சாரம் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சட்டம் விட்டாலும் அந்த மூன்று லட்சத்தை வைத்துக்கொள்ள எனக்கு மனசு வராது. அவர் கையெழுத்துக்கு மறுத்தால், அக்ரிமெண்ட் முறைப்படி ரத்தாகிவிட்டது என்று சிவில் கோர்ட்டில்தான் தீர்ப்பு வாங்க வேண்டும்.

அதுவரை அவரோடு வாட்ஸ்அப்பில் பேசாதே. 'பரவாயில்லைங்க, மெதுவா வாங்க' என்று ஒரு வரி போட்டால் போதும், கெடுவை நீயே நீட்டித்ததாக நாளைக்குக் கோர்ட்டில் காட்டுவார். பவர் என் பேரில் இருப்பதால் நோட்டீசுக்கு நீ லீவு போட்டு வர வேண்டியதில்லை. ஆடியில் பணம் ஏறிய பேங்க் ஸ்டேட்மெண்ட்டை மட்டும் இந்த வாரமே அனுப்பு. தேதி, தொகை இரண்டும் நோட்டீசில் சரியாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா