சர்வர் அறையில் விழித்திருப்பவர்களுக்கு ஒரு நன்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 1 மருத்துவர் தினத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட வாசகர் கடிதங்களைப் படித்தேன். ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வகத்தில் 24 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர், செவிலியர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் என்று எல்லோரையும் வாசகர்கள் நினைவுகூர்ந்திருந்ததில் மனம் நிறைந்தது. ஒருவரை மட்டும் யாரும் குறிப்பிடவில்லை. மருத்துவமனையின் கணினிகளையும், தகவல்களையெல்லாம் சேமித்து வைக்கும் மையக் கணினியான சர்வரையும் பார்த்துக்கொள்கிற சிஸ்டம் அட்மின்தான் அவர். இதே ஜூலையின் கடைசி வெள்ளிக்கிழமை அவர்களுக்கான நாள் என்பதால் இதை எழுதுகிறேன்.

2018ஆம் ஆண்டு ஐப்பசி மழைக்காலம். டெங்குக் காய்ச்சலால் எங்கள் வார்டுகள் நிரம்பி வழிந்தன. டெங்கு நோயாளிக்கு ரத்தத் தட்டணுக்களை ஒரு முறை எண்ணினால் போதாது. காலையில் எவ்வளவு இருந்தது, மாலையில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்துத்தான் மருத்துவர் அடுத்த முடிவுக்குப் போவார். அந்த முந்தைய எண்கள் எல்லாம் சர்வரில் இருந்தன. அன்று மாலை ஆறரை மணிக்கு எங்கள் திரைகள் அப்படியே உறைந்து நின்றன.

காரணத்தை எங்கள் சிஸ்டம் அட்மின் தம்பி பிறகு எனக்கு விளக்கினார். சர்வருக்குள் பல ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கும். ஒன்று பழுதானால் மற்றவை தாங்கிக்கொள்ளும். புதியதை மாற்றியதும் அதற்குள் தகவல் மறுபடி நிரம்பும். அப்படி நிரம்ப பல மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் மற்ற டிஸ்க்குகளுக்கு ஓய்வில்லாத வேலை. அன்று காலையில் ஒன்று பழுதாகி அவர் மாற்றியிருந்தார். புதியது பாதிகூட நிரம்பாத நிலையில், அதே வயதுடைய இன்னொன்றும் போய்விட்டது. அத்துடன் எல்லாம் போயிற்று.

ஆய்வகத்துக்கு அவரே ஓடி வந்தார். "அக்கா, இன்று இரவு முழுவதும் கையால்தான் எழுத வேண்டியிருக்கும். ரிஜிஸ்டரில் ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் நேரத்தையும் எழுதிவிடுங்கள்" என்றார். குரலில் பதற்றமே இல்லை.

சர்வர் அறை எங்கள் ஆய்வகத்துக்கு அடுத்து, மாடிப்படிக்குக் கீழே இருந்தது. பதினொரு மணிக்குத் தேநீர் கொண்டுபோனேன். உள்ளே குளிர் எலும்பைத் துளைத்தது. மின்விசிறிகளின் இரைச்சலில் பேச்சே கேட்கவில்லை. மருந்து வந்த அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் நீளமான நோட்டு. ஒவ்வொரு கட்டளையையும் முதலில் நோட்டில் எழுதி, இரண்டு முறை படித்துப் பார்த்து, அதற்குப் பிறகே விசைப்பலகையைத் தொட்டார். அவசரத்தில் ஒரு வரி தவறினால், தகவலை நகலெடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிற பேக்கப் பிரதியும் அழிந்துவிடும் என்றார். கால் மணிக்கு ஒரு தரம் நிர்வாகத்திலிருந்து தொலைபேசி, "எப்போது சரியாகும்?" என்று. ஒவ்வொரு முறையும் பொறுமையாகவே பதில் சொன்னார்.

விடியற்காலை மூன்றரைக்கு வேலை முடிந்தது. ஆனால் அவர் யாருக்கும் சொல்லவில்லை. என்னிடம் வந்து, சர்வர் பழுதானதற்கு முந்தைய நாள் ரிஜிஸ்டரிலிருந்து ஏதாவது ஐந்து நோயாளிகளின் எண்ணையும் முடிவையும் படிக்கச் சொன்னார். நான் படிக்கப் படிக்க அவர் திரையில் ஒப்பிட்டார். ஐந்தாவது, ஒன்பது வயதுப் பையன் ஒருவனின் தட்டணு எண்ணிக்கை: 68,000. திரையிலும் 68,000. அப்போதுதான் பெருமூச்சு விட்டார். நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே நிர்வாகத்தைக் கூப்பிட்டார்.

பேக்கப் தினமும் இரவு இரண்டு மணிக்கு எடுக்கப்படும். அதனால் சர்வர் பழுதான நாளின் அதிகாலை இரண்டு மணிக்குப் பிறகு பதிந்தவை மட்டும் கிடைக்கவில்லை. எங்கள் ரிஜிஸ்டர்களையும் பரிசோதனைக் கருவிகளின் நினைவகத்தையும் பார்த்து நண்பகலுக்குள் அவற்றைத் திரும்பப் பதிந்துவிட்டோம். எட்டு மணிக்குப் பகல் ஷிப்ட் ஊழியர்கள் வந்து கணினியைப் போட்டார்கள். வழக்கம்போல வேலை செய்தது. பில்லிங் பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டது என்று அவரைக் கூப்பிட்டார்கள். இரவெல்லாம் கண் மூடாத அந்தப் பிள்ளை போய், குனிந்து, அதை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

என்னை அதிகம் நெகிழ வைத்தது பின்னால் தெரிந்துகொண்ட ஒரு செய்தி. மாதத்தின் முதல் ஞாயிறு, வார்டுகள் அமைதியாக இருக்கும் நேரத்தில், கழித்துப்போட்ட ஒரு பழைய கணினியில் அந்தப் பேக்கப்பைத் திரும்ப ஏற்றி, திறக்கிறதா என்று பார்த்து வந்திருக்கிறார். இதைச் செய்யும்படி யாரும் சொன்னதில்லை. செய்தாரா என்று யாரும் கேட்டதுமில்லை. ஆய்வகத்தில் காலையில் நோயாளியின் ரத்தத்தைக் கருவியில் வைப்பதற்கு முன்னால், அளவு தெரிந்த கன்ட்ரோல் மாதிரியை ஓட்டிப் பார்ப்போம். சரியாகக் காட்டினால்தான் கருவியை நம்புவோம். அவர் செய்ததும் அதே காரியம்தான். பேக்கப் எடுத்துவைப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை; கேட்கும்போது அது திரும்பி வர வேண்டும். உலகமறிந்த மென்பொருள் நிறுவனமான கிட்லேபிலேயே 2017 ஜனவரி 31 அன்று தவறுதலாகத் தகவல்தளம் அழிக்கப்பட்டபோது, நம்பியிருந்த பேக்கப் வழிகள் கைவிட்டன. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அதை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள்.

இந்த வேலையில் வெற்றி என்றால் எதுவும் நடக்காமல் இருப்பது. நடக்காததை யார் பார்ப்பார்கள்? 2017 வசந்தத்தில், விண்டோஸ் அப்டேட் போட வேண்டும் என்று ஓர் இரவு ஆய்வகக் கணினிகளை அவர் நிறுத்தச் சொன்னபோது நானே கடிந்துகொண்டேன். மாதிரிகள் குவிந்து கிடக்கும் நேரத்தில் இது என்ன தொல்லை என்று எண்ணினேன். மே 12 அன்று வான்னக்ரை என்ற கெடுமென்பொருள் உலகம் முழுவதும் பரவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மருத்துவமனை அமைப்புகள் பாதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் விண்டோஸ் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. எங்கள் மருத்துவமனையில் அன்று எதுவும் நடக்கவில்லை. அந்த 'எதுவும் நடக்கவில்லை' என்பதற்குப் பின்னால் இருந்தவரை நான் கடிந்துகொண்டது இன்றும் உறுத்துகிறது.

2024 ஜூலை 19ஐ எல்லோரும் அறிவோம். கணினிப் பாதுகாப்பு மென்பொருள் தயாரிக்கும் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். நம் நேரப்படி காலை 9.39க்குப் போன கோப்பை 10.57க்குள் திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்றாலும், அதற்குள் படுத்துவிட்ட கணினிகள் பலவற்றைத் தொலைவிலிருந்து எழுப்ப முடியவில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவர் உட்கார்ந்து, கணினியைப் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோடு) தொடங்கி, அந்த ஒரு கோப்பை நீக்க வேண்டியிருந்தது. பூட்டு போட்ட டிஸ்க் என்றால் 48 இலக்க மீட்பு எண்ணையும் தட்டச்சு செய்ய வேண்டும். விமானம் தாமதமான பயணிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். மேசை மேசையாக நகர்ந்த இவர்களைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. சரியாக ஒரு வாரம் கழித்து வந்த வெள்ளிக்கிழமைதான் அவர்களுடைய நாள்.

இந்த நாளை 2000ஆம் ஆண்டில் தொடங்கியவர் டெட் கெகாடோஸ் என்ற சிகாகோக்காரர். அவரும் ஒரு சிஸ்டம் அட்மின். புதிய பிரிண்டர்கள் அமைத்துக் கொடுத்த நிர்வாகிக்குச் சக ஊழியர்கள் பூவும் பழக்கூடையும் கொண்டுவருவதாக ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது. பூங்கொத்து தருவது நல்ல பழக்கம், தாருங்கள். ஆனால் நான் மருத்துவமனை, கல்லூரி, கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளிடம் கேட்பது வேறு. உங்கள் சிஸ்டம் அட்மினுக்குத் துணையாக இன்னொருவரை நியமியுங்கள். ஒருவரே 365 நாளும் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பது நியாயமில்லை. இரவு முழுவதும் வேலை பார்த்தவரைக் காலையில் வீட்டுக்கு அனுப்புங்கள். மாதத்துக்கு ஒரு முறையாவது "பேக்கப்பைத் திரும்ப ஏற்றிப் பார்த்தீர்களா, அதற்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேளுங்கள். புதிய கட்டடத்துக்குக் கிரானைட் போடப் பணம் இருக்கிறது. பழைய டிஸ்க்குகளைக் காலத்தில் மாற்ற மட்டும் இல்லை என்று சொல்லாதீர்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்த வெள்ளிக்கிழமை இதழில் ஒரு பக்கம் ஒதுக்கி, அரசு அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் இந்த வேலை பார்ப்பவர்கள் சிலரைப் பேச வைத்து வெளியிடுங்கள். அந்தத் தம்பியின் பெயரை இங்கே எழுதலாமா என்று தொலைபேசியில் கேட்டேன். வேண்டாம் என்றார். "அந்த மழைக்காலத்துப் பையன் நல்லபடியாக வீட்டுக்குப் போனான், இல்லையா அக்கா?" என்று கேட்டார். போனான் என்று சொன்னேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.