கோடைத் தமிழ் வகுப்பில் பர்மிய மொழியை ஒதுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்ச் பிறந்ததும் பர்மாவில் (மியன்மாரில்) ரங்கூன், தட்டோன், மோல்மீன் பக்கங்களில் கோயில் மண்டபங்களில் தமிழ் வகுப்பு தொடங்கிவிடும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் மூன்று மாதம்கூட முழுதாகக் கிடைக்காது. அதிலும் பாதியை 'இங்கே பர்மியம் பேசாதே' என்று அதட்டியே தீர்த்துவிடுகிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல், பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், எழுத்துதான் தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. 1960களில் இங்கே தனியார் பள்ளிகள் அரசுடைமையான பின், பள்ளியில் பர்மியமே படித்து வளர்ந்த தலைமுறைகளின் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. எழுத்துக் கூட்டிப் படிப்பது அவர்களுக்குப் பர்மியத்தில் கைவந்த கலை. பேச்சுத் தமிழ்தான் வராது.

தெரிந்ததைக் கொண்டு தொடங்குங்கள். மெய்க்கு நாம் மேலே புள்ளி வைக்கிறோம். பர்மியத்தில் அதே இடத்தில் கொக்கிபோல் ஒரு குறி போடுகிறார்கள். 'கெ'யின் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதும், 'கொ'வில் முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று நிற்பதும் பர்மியத்திலும் உண்டு. இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால், வாரக்கணக்கில் இழுக்கும் பாடம் ஓரிரு நாளில் முடியும். ட, ப, ம மூன்றோடு புள்ளியும் காலும் சேர்த்தாலே படம், பாடம், பட்டம், மாடம், மட்டம் எல்லாம் படித்துவிடலாம். 247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

இடறுவது ஒலியில். பர்மிய நெடுங்கணக்கில் 'பெரிய ந', 'சின்ன ந' என்று இரண்டு எழுத்து உண்டு, ஒலி ஒன்றுதான். 'பெரிய ந' பௌத்த நூல்களின் மொழியான பாலியிலிருந்து வந்த சொற்களுக்காக வைத்திருக்கும் எழுத்து. அந்தப் பழக்கத்தில் பிள்ளை ண, ன இரண்டையும் ஒன்றாகவே படிக்கும். அது கவனக்குறைவு இல்லை, திட்டிப் பயனில்லை. முதலில் காது பழக வேண்டும். ஆசிரியர் நோட்டால் வாயை மறைத்துக்கொண்டு மனம், மணம் என்று மாற்றி மாற்றிச் சொல்லட்டும். 'மணம்' கேட்டால் மட்டும் கை தூக்க வேண்டும். தினம் ஐந்து நிமிடம், பத்துச் சோடிச் சொற்கள் போதும். காது பிரித்தறிந்த பிறகுதான் நாக்கை மேலே மடக்கச் சொல்ல வேண்டும்.

சொல்லின் கடைசி மெய்யும் அப்படித்தான். பர்மிய அசை உயிரிலோ, மூக்கொலியிலோ, தொண்டையில் சட்டென்று அடைபடும் ஒலியிலோதான் முடியும். அதனால் 'பால்' வெறும் 'பா' ஆகிவிடுகிறது. நம் பேச்சு வழக்கே இதற்கு மருந்து. 'பாலு', 'கண்ணு', 'நாளு' என்று சொல்லப் பழக்கி, பிறகு கடைசி உகரத்தைச் சுருக்கிக்கொண்டே வந்தால் மெய் தங்கிவிடும். 'கொச்சை' என்று இதைத் தடுப்பவர்கள் வீணாகச் சிரமப்படுகிறார்கள்.

இன்னொன்று. பர்மியர் மரபில் வணங்கத்தக்கவை ஐந்து: புத்தர், தம்மம், சங்கம், பெற்றோர், ஆசிரியர். நமக்கோ மாதா, பிதா, குரு, தெய்வம். இரண்டு மரியாதையும் சேர்ந்த பிள்ளை, சயாமாவிடம் (ஆசிரியையிடம்) 'புரியவில்லை' என்று சொல்லவே சொல்லாது. வகுப்பே கோரஸாக ஒப்பிக்கும்போது குரல் நன்றாகத்தான் இருக்கும். அதில் வாயை மட்டும் அசைப்பவர்கள் எத்தனை பேர் என்பது தெரியாது. கோரஸ் இரண்டு முறை போதும். பிறகு வரிசை மாற்றி எழுத்தைத் தொட்டு, ஒவ்வொருவராகக் கேளுங்கள். கேள்வி கேட்கும் பொறுப்பு இங்கே ஆசிரியருடையது.

ஆறு வயதும் பதினாறு வயதும் ஒரே மண்டபத்தில் இருந்தால், மூத்த மாணவர் இளையவர்களுக்குச் சொல்லித்தரும் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை முறையே கைகொடுக்கும். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் அநாதைப் பிள்ளைகள் பள்ளிக்குப் பொறுப்பேற்று, மணலில் எழுதவைத்தும் மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையோருக்குக் கற்பித்தும் பார்த்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாக்க, 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்துப் பள்ளிகள் எடுத்துக்கொண்டன. நாலைந்து பேருக்கு ஒரு சட்டாம்பிள்ளை போதும். ஆனால் வகுப்புக்குக் கால்மணி நேரம் முன்பே அன்றைய பாடத்தை அவருக்குச் சொல்லித்தர வேண்டும். இல்லாவிட்டால் கையில் பிரம்பு மட்டும்தான் மிஞ்சும்.

இந்த ஆண்டுப் புத்தகங்களை அச்சடிக்கும் கோயில் நிர்வாகங்கள், முதல் பக்கத்தில் பர்மிய எழுத்தும் தமிழெழுத்தும் அருகருகே உள்ள அட்டவணை ஒன்றைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ் வகுப்பு ஆசிரியர்கள்,
மோல்மீன்