ஆரே ஆறும் உன் புதிய வேலையும்

பேர்ண், சுவிற்சர்லாந்து

அன்பு மகளுக்கு,

வெள்ளத் தடுப்பு வேலையை ஏற்று நீ புறூக் நகருக்குப் போன பிறகு, இங்கே ஓடும் ஆரேதான் அங்கேயும் ஓடுகிறது என்று அம்மா ஆறுதல் கொள்கிறார். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத யாழ்ப்பாணத்தில் கிணற்றை நம்பி வளர்ந்த எனக்கோ, அந்த ஆற்றை மனிதர் எவ்வளவு தூரம் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்பதே இன்றும் வியப்பு.

கிறிம்சல் கணவாய்க்கு அருகே பனியாறுகளின் அடியில் பிறக்கும் ஆரே, பிறந்த கையோடு அணையில் அகப்படுகிறது. 1932இல் அணை கட்டி உருவாக்கிய கிறிம்சல் நீர்த்தேக்கம், கோடையில் உருகி வரும் நீரைச் சேர்த்துவைத்துக் குளிர்காலத்து மின்சாரத்துக்குக் கொடுக்கிறது. பாறைத்தூள் கலந்து கலங்கலாக இறங்கும் நீர், பிறியென்ஸ், தூன் ஏரிகளில் வண்டலை இறக்கிவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது.

நீ முக்கியமாகப் படிக்க வேண்டியது காண்டர் ஆற்றின் கதை. முன்பு அது தூன் நகருக்குக் கீழே ஆரேயில் கலந்து, கொண்டுவந்த சரளைக் கற்களால் வழியை அடைத்து அயல் நிலங்களை மூழ்கடித்தது. 1711 முதல் 1714 வரை ஒரு குன்றைக் குடைந்து அதைத் தூன் ஏரிக்குள் திருப்பினார்கள்; ஆனால் ஏரியின் வாயை அகலப்படுத்த மறந்தார்களோ, செலவுக்குப் பின்வாங்கினார்களோ, வெள்ளம் தூன் நகரத்தார் தலையில் விழுந்தது. காண்டரின் சரளை ஏரியில் தங்கிவிடுவதால், நேராக்கப்பட்ட ஆரே தன் படுகையையே அரித்துக்கொண்டு போகிறது. இங்கே மார்சிலி நீச்சல் கரையில் நீந்தும்போது காதை நீருக்குள் அமிழ்த்தினால் கூழாங்கற்கள் உரசும் மெல்லிய சடசடப்பு கேட்குமே, அது இந்தப் படுகை நகரும் ஓசைதான்.

1878இல் ஹாக்னெக் கால்வாய் வழியாக ஆரேயை பீல் ஏரிக்குள் திருப்பியது கூடுதல் பலன் தந்தது. சதுப்பாகக் கிடந்த சீலாண்ட் பகுதி இன்று நாட்டின் காய்கறித் தோட்டம். உன் ஊருக்குக் கீழே றொய்ஸ், லிமாற் ஆறுகள் கலந்த பிறகு, பெஸ்னாவ் அணுமின் நிலையம் ஆரே நீரால் குளிர்கிறது. கோடையில் ஆறு 25 பாகையைத் தாண்டினால் உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருக்கிறது. கோப்லென்ஸில் றைன் ஆற்றோடு கலக்கும்போது அதைவிட அதிக நீரைக் கொண்டுபோயும் ஆரே தன் பெயரை இழப்பது எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

தூனுக்கும் பேர்ணுக்கும் இடையே சில இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளி ஆற்றுக்கு மீண்டும் இடம் விட்டிருக்கிறார்கள். உங்கள் பகுதியிலும் அப்படிச் செய்கிறார்களா, அதற்கு நிலம் கொடுக்கும் கமக்காரர் என்ன சொல்கிறார்கள் என்று விவரமாக எழுது.

அன்புடன்,
அப்பா