பல்கலைக்கழக விடுதிப் பணியாளர்கள் கவனத்துக்கு: பி.எஃப், இ.எஸ்.ஐ கணக்கைப் பாருங்கள்

அண்ணன்கள், அக்காக்கள் எல்லோருக்கும் வணக்கம். மெஸ், துப்புரவு, வாட்ச்மேன் என்று காண்ட்ராக்டில் இருக்கும் எல்லோரும் இந்த மாதச் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

14,000 ரூபாய் சம்பளம் என்றால் பி.எஃப்-க்கு (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், அதாவது 1,680 ரூபாயும், இ.எஸ்.ஐ-க்கு (தொழிலாளர் காப்பீடு) 0.75 சதவீதம், 105 ரூபாயும்தான் நம்மிடம் பிடிக்க வேண்டும், முதலாளியின் பங்கையும் சேர்த்து நம் சம்பளத்திலேயே பிடித்தால் அது சட்டப்படி தவறு. பிடித்த பணம் பி.எஃப் கணக்கில் கட்டப்பட்டதா என்பதையும் தனியாகப் பாருங்கள். அரசின் உமங் செயலியில் உங்கள் 12 இலக்க யூ.ஏ.என் எண்ணை (பி.எஃப்-க்கான உங்கள் நிரந்தர எண்) போட்டால் பாஸ்புக் வரும். போன வருடம் நம் பிளாக்கில் ஒரு அக்கா பார்த்தபோது ஏழு மாதப் பணம் கட்டப்படவே இல்லை, பாவம், மகள் கல்யாணத்துக்கு அதைத்தான் நம்பியிருந்தார். காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் வேலை வாங்கும் பல்கலைக்கழகத்துக்கும் பொறுப்பு உண்டு, அதனால் தயங்காமல் கேட்கலாம்.

நாமினி (நமக்குப் பிறகு பணம் பெறுபவர்) பெயரையும் பி.எஃப் கணக்கில் கட்டாயம் பதியுங்கள். பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை இன்சூரன்ஸ் பி.எஃப் மூலமே உண்டு, இது நம்மில் பலருக்குத் தெரியாது.

இ.எஸ்.ஐ கார்டு இருந்தால் குடும்பத்துக்கும் மருத்துவம் உண்டு. தகுதியுள்ள பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு.

செயலி பார்க்கத் தெரியாதவர்கள் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மெஸ் பின்பக்கம் வாருங்கள், ஆதார் இணைத்த போனை மறக்காதீர்கள். ஓடிபி வந்தால் குழுவில் போட வேண்டாம், யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.